ஜாமீனில் இருந்த கைதி

1. தோல் பட்டறை

வக்கீல் கிளார்க் வேலையில் திட்டு வாங்குவது புதிதல்ல. ஃபைலிங் கவுண்டரில் வாங்குவோம். ஜெயில் கேட்டில் வாங்குவோம். ஜட்ஜ் வக்கீலைக் கடிந்தால் வக்கீல் வெளியே வந்து எங்களைக் கடிவார், அதையும் வாங்கிக்கொள்வோம். ஆனால் தாராவியில் ஒரு தோல் பட்டறையிலிருந்து என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார்களே, அன்றைக்கு நான் போனது ஒரு நல்ல காரியத்துக்கு. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

என் பெயர் மைதீன். வீடு சீத்தா கேம்ப். மாட்டுங்காவில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு வக்கீல் அம்மாவிடம் ரிட்டயர் ஆகும்வரை கிளார்க்காக இருந்தேன். அவரை மேடம் என்றே எழுதுகிறேன். கோர்ட் பெயர், ஜெயில் பெயர் எதுவும் எழுதப்போவதில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் எனக்கு டீ வாங்கித் தந்தவர்கள், மீதிப்பேரைப் பற்றி எழுதினால் என் வாய் சும்மா இருக்காது. இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். லேப்டாப்பில் பி.டி.எஃப். ஏற்றத் தெரிந்தால் கிளார்க் ஆகிவிட்டதாக நினைக்கிறார்கள்.

எங்கள் கட்சிக்காரன் செல்வின், தாராவியில் டெம்போ ஓட்டியவன். அவன் மேல் இரண்டு கேஸ். முதலாவது அடிதடி கேஸ். லேபர் கேம்ப் பக்கம் டெம்போவை நிறுத்துவதில் தகராறு வந்து, ஒருவனுக்குக் கை முறிந்துவிட்டது. அதில் சில நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவனுடைய தாய்மாமா ஞானராஜ். தோல் பட்டறை அவருடையது. சர்ச் கமிட்டியில் இருப்பவர், வெள்ளைச் சட்டை கசங்காதவர். அந்த ஜாமீனை எடுத்தது வேறொரு வக்கீல்.

ஜாமீனில் வந்து கல்யாணமும் முடித்துக்கொண்டு, ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது. பிறகு இரண்டாவது கேஸ் வந்தது. உல்லாஸ்நகரில் ஒரு துணிக் குடோனில் கொள்ளை. செல்வின் வாடகைக்கு ஓட்டிய டெம்போ அந்தப் பக்கம் கேமராவில் தெரிந்தது என்று அவனையும் சேர்த்துப் பிடித்தார்கள். கும்பல் என்று சொல்லிக் கடுமையான சட்டத்தைப் போட்டார்கள். அந்தச் சட்டத்தில் மாட்டினால் ஜாமீன் குதிரைக்கொம்பு. இந்தக் கேஸ்தான் எங்கள் மேடத்திடம் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். விசாரணைக் கைதியாக உள்ளே கழித்த நாட்களை, பின்னால் தண்டனை விழுந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். செட்-ஆஃப் என்போம். அதில் ஒரு கொக்கி இருக்கிறது. எந்தக் கேஸில் உள்ளே இருந்தாயோ அந்தக் கேஸ் தண்டனையில்தான் கழியும். செல்வின் கொள்ளை கேஸில் உள்ளே இருந்தான், அடிதடி கேஸில் காகிதப்படி ஜாமீனில் வெளியே இருந்தான். ஆள் ஒருவன்தான். படுத்திருப்பது ஒரே ஜெயில் பாரக்ஸில்தான்.

இதற்குக் கோர்ட் வாசலில் எல்லாருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. ஜாமீன்தாரர் போய் என் ஜாமீனை விட்டுவிடுகிறேன் என்று ஒரு அப்ளிகேஷன் கொடுத்தால், பழைய கேஸிலும் ஆள் உள்ளே என்று எழுதிக்கொள்வார்கள். எப்படியும் உள்ளேதான் கிடக்கிறான், நஷ்டம் ஒன்றுமில்லை. அன்றுமுதல் ஒவ்வொரு நாளும் இரண்டு கேஸிலும் கணக்கில் ஏறும்.

மேடம் ஃபைலைப் படித்த அன்றைக்கே என்னைக் கூப்பிட்டார். "மைதீன், கொள்ளை கேஸ்ல இப்போதைக்கு ஜாமீன் வராது. நீங்க அந்த மாமாவாண்ட போய்ப் பழைய ஜாமீனை விட்டுடச் சொல்லுங்கோ. இந்த வாரமே பண்ணிடணும்."

அப்படித்தான் நான் பட்டறைக்குப் போனேன். ஞானராஜ் அண்ணாச்சி நாற்காலி போடச்சொன்னார், டீ வந்தது. விஷயத்தைச் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன பாய் சொல்லுதீரு? போட்ட ஜாமீனை வாபஸ் வாங்கணுமா?"

"பேருக்குத்தான் அண்ணாச்சி. அவன் எப்படியும் உள்ளதான இருக்கான்."

"பேருக்கா? எங்கிட்ட இருக்கதே பேருதாம்வே. பிள்ளை உள்ள கெடக்கும்போது மாமன் கையை விட்டுட்டான்னு தெருவு பூராப் பேசுவான். போன வருசம் ஒருத்தன் மச்சினனுக்குப் போட்ட ஜாமீனை வாங்கிட்டான். அவன் மக கல்யாணத்துக்கு எத்தனை பேரு போனான் தெரியுமா? சமையல்காரனும் போட்டோக்காரனும்."

"அண்ணாச்சி, அது வேற. அவன் கோவத்துல வாங்கினான். இது செல்வினோட நன்மைக்கு."

"அதை நீரு வீடு வீடாப் போய்ச் சொல்லுவீரா? சரி, நாளைக்கே கொள்ளை கேஸ்ல ஜாமீன் கெடைக்கு, அப்பம் இதுக்கு எவன் புதுசா வந்து நிப்பான்? ஒங்க மேடம் நிப்பாகளா? நல்ல யோசனைவே! ஞானராஜ் கையெழுத்துப் போட்டா போட்டதுதான். டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பும்."

பட்டறையில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், தைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஜாமீன்தாரரை விலைபேச வந்த போலீஸ் ஆள் என்று நினைத்திருப்பார்கள். நான் டீயைக் குடிக்கவில்லை.

2. முலாகாத்

சரி, மாமா கேட்காவிட்டால் மருமகன் கேட்பான் என்று முலாகாத்துக்கு, அதாவது ஜெயிலில் அவனைப் பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வின், இந்தப் பக்கம் நான், நடுவில் கரகரவென்று ஒரு போன். ஜாமீன்தாரர் வராவிட்டால் கைதியே எழுதிக்கொடுக்கலாம், கோர்ட் ஏற்றுக்கொள்ளும் என்று சொன்னேன்.

"மாமா என்ன சொன்னாரு பாய்?"

"மாட்டேன்னுட்டாரு."

"அப்பம் வேண்டாம்."

"ஏல, கூறு இருக்கா ஒனக்கு? நாள் வீணாப் போகுது."

"பாய், ஜாமீன் போட அன்னைக்கு எங்க அண்ணன் வரல. கூட்டாளி ஒருத்தன் வரல. அவரு பட்டறையைப் பூட்டிட்டு, சொத்து இருக்குன்னு காட்ட சால்வென்சி சர்டிபிகேட்டுக்கு எங்கெல்லாமோ அலைஞ்சு, வந்து நின்னாரு. அவரு முகத்துல கரியைப் பூசிட்டு எனக்கு நாள் வேண்டாம்." போனை வைத்துவிட்டான்.

மேடத்திடம் வந்து சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் போட்டார். "கட்சிக்காரன் வேண்டாங்கறான். நான் என்ன பண்ணட்டும்? மானத்தைக் கொண்டுபோய் எந்த செக்ஷன்ல ஃபைல் பண்றது?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இளம்பிள்ளைகள் கேட்பார்கள், இரண்டு பேரும் முட்டாள்களா என்று. இல்லை. ஞானராஜ் அண்ணாச்சி வெள்ளைக்காரன் கம்பெனிக்கு பெல்ட் தைத்து அனுப்பியவர். செல்வின் மும்பையின் ஒவ்வொரு நோ-என்ட்ரியையும் தெரிந்தவன். ஆனால் எங்கள் ஜனத்தில் ஜாமீன் என்பது கோர்ட் சமாச்சாரம் இல்லை. கல்யாணத்தில் தாய்மாமன் வந்து நிற்கிற மாதிரி அது. நின்ற மாமன் நடுவில் எழுந்து போக முடியுமா? இதை மேடத்தால் புரிந்துகொள்ள முடியவில்லை. எனக்குப் புரிந்தது, புரிந்து என்ன பிரயோஜனம்.

3. கபூல்

நாலு வருஷம் ஓடியது. கொள்ளை கேஸ் மெதுவாக நகர்ந்தது. அடிதடி கேஸ் நகரவே இல்லை. அந்தக் கோர்ட் ஒவ்வொரு தடவையும் செல்வினைக் கொண்டுவரச் சொல்லி ஜெயிலுக்கு எழுதும். எஸ்கார்ட் போலீஸ் இல்லை என்று ஜெயில் பதில் எழுதும். அடுத்த தேதி போடுவார்கள். அவன் உள்ளே இருக்கிறான் என்பது அந்தக் கோர்ட்டுக்கே தெரியும், அவர்கள் கையெழுத்துப் போட்டுத்தானே ஜெயிலுக்கு எழுதுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வினின் பெண்டாட்டி ஜெபா. தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள், காட்கோபரில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தாள். தேதிக்குத் தேதி எங்கள் ஆபீஸுக்கு வருவாள். ஒருநாள் மேடம் வெளியே போயிருந்தார். அவள் என்னிடம் நேராகவே கேட்டாள்.

"பாய், இன்னும் எவ்ளோ டைம் ஆகும்? எனக்கு முப்பத்தஞ்சு ஆச்சு. கல்யாணம் ஆகி ஒரு வருசங்கூட ஒழுங்கா இருக்கல. லேடி டாக்டர்கிட்ட கேட்டேன், லேட் பண்ணாதீங்கன்னு சொல்றாங்க. நான் லேட் பண்றேனா? நீங்க சொல்லுங்க, நானா லேட் பண்றேன்?"

அவளுக்கு ஒரு குழந்தை வேண்டும், அவ்வளவுதான். என் மகள் வயது அவளுக்கு. நான் ஃபைலைப் புரட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இந்த சமயத்தில்தான் ஜெயிலுக்குள் ஒரு பழக்கம் செல்வினின் தலையில் விழுந்தது. சின்னக் கேஸ் உள்ளவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள், கபூல் கொடுப்பது என்று பெயர். ஏற்கெனவே உள்ளே கழித்த நாளையே தண்டனையாகப் போட்டு ஜட்ஜ் அனுப்பிவிடுவார். அண்டர்கான் ஆகிவிட்டது என்பார்கள். நிறையப்பேர் அப்படி வெளியே போயிருக்கிறார்கள். செல்வினின் பாரக்ஸில் இருந்த பெரிய சட்ட மேதைகள், "நீ நாலு வருசம் உள்ள இருக்க, அடிதடிக்கு அவ்வளவு தரவே மாட்டான், கபூல் குடுத்துரு, கொள்ளை கேஸ் முடிஞ்சதும் நேரா வீட்டுக்குப் போவ" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முலாகாத்தில் நான் சொன்ன கணக்கை மறந்துவிட்டு அதை நம்பிவிட்டான். அடிதடி கேஸ் வக்கீலோ தேதிக்கே வருவதில்லை. செல்வின் ஒரு தேதியில் ஜெயிலின் வீடியோ கான்ஃபரன்ஸ் திரை முன்னால் உட்கார்ந்து, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "குனா கபூல் ஹை சாஹேப்" என்று கும்பிட்டுவிட்டான்.

ஜட்ஜ் இரண்டு வருஷம் போட்டார். சட்டப்படி செட்-ஆஃப் கொடுக்கவும் என்று கடைசியில் ஒரு வரியும் எழுதினார். அந்த ஒரு வரியை நம்பி செல்வின் பாரக்ஸில் எல்லாருக்கும் கேன்டீன் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தானாம்.

மேடத்துக்குச் செய்தி வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். "கபூலா? யாரைக் கேட்டுக் கொடுத்தான்? அந்தக் கேஸ்ல சாட்சியே கிடையாதே, விட்டுருந்தா தானா விழுந்திருக்குமே! ஒத்துண்டப்புறம் அப்பீலும் சரியாப் போட முடியாது. ஐயோ, இந்த மனுஷாளை வச்சுண்டு நான் என்ன பண்ணுவேன்!" டப்பாவை மூடி வைத்துவிட்டார். மேடம் சாப்பாட்டைப் பாதியில் வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

4. திறக்காத கேட்

அடுத்த மாதமே கொள்ளை கேஸில் தீர்ப்பு வந்தது. செல்வின் விடுதலை. கேமராவில் தெரிந்த டெம்போ அவன் ஓட்டியதே அல்ல, நம்பர் வேறு. நாலு வருஷம் கழித்து அதைக் கண்டுபிடித்தார்கள்.

மறுநாள் நானும் ஜெபாவும் ஜெயில் கேட்டுக்குப் போனோம். அவள் புதுச் சட்டை ஒன்று வாங்கி, மடிப்புக் கலையாமல் பையில் வைத்திருந்தாள். ஞானராஜ் அண்ணாச்சி ஒரு கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அன்றைக்கு விடுதலையான மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கேட் மூடியது. செல்வின் வரவில்லை.

ஜெயில் ஆபீஸில் கேட்டேன். அங்கே இருந்தவர் எனக்குத் தெரிந்தவர்தான். "சாச்சா, தூஸ்ரா கேஸ் மே சஜா பாக்கி ஹை," என்றார். இன்னொரு கேஸில் தண்டனை மீதி இருக்கிறதாம்.

"நாலு வருஷம் செட்-ஆஃப் இருக்கே சார்? இரண்டு வருஷத் தண்டனைதானே?"

"அந்த நாலு வருஷம் கொள்ளை கேஸ். அடிதடி கேஸில் முதலில் பிடித்தபோது இருந்த சில நாட்கள் மட்டும்தான் கணக்கு. அதற்குப் பிறகு அந்தக் கேஸில் அவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். இதோ ஜாமீன் உயிரோடுதானே இருக்கிறது?"

"வெளியே எங்கே இருந்தான் சார்? உங்கள் பாரக்ஸில்தானே இருந்தான்! நீங்கள்தானே சோறு போட்டீர்கள்!"

"நீங்கள் ரூல் தெரிந்தவர். கோர்ட்டிலிருந்து ஆர்டர் கொண்டுவாருங்கள், இப்போதே விடுகிறேன். எனக்கென்ன, ஒரு ஆள் குறைந்தால் இடம்தான்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. காகிதம் அப்படித்தான் இருந்தது. வெளியே வந்து ஜெபாவிடம் சொன்னேன். ஜாமீன் இருந்ததால் நாள் சேரவில்லை என்பதை மறைக்காமல் சொன்னேன், அவளுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது. அவள் பட்டறைக்காரரின் காரைப் பார்த்தாள். அண்ணாச்சி காருக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே சொன்னேன். காதுல ஏறல."

பிறகு, "சரி, இப்ப என்ன பைல் பண்ணணும், அதச் சொல்லுங்க," என்றாள். அந்தச் சட்டைப் பையை என்னிடம் நீட்டி உள்ளே கொடுக்க முடியுமா என்று கேட்டாள். தண்டனைக் கைதிக்கு வெளிச் சட்டை கிடையாது. அதையும் நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

5. அப்ஜெக்ஷன்

முதலில் தண்டனை கொடுத்த கோர்ட்டிலேயே கேட்டோம். அதே கேஸில் உள்ளே இருந்திருக்க வேண்டும் என்று ஒரே பத்தியில் தள்ளிவிட்டார்கள். மேல்கோர்ட்டுக்குப் போனோம். மேடத்தின் வாதம் நல்ல வாதம். இந்த நாலு வருஷமும் அடிதடி கேஸ் கோர்ட்டே இவனை ஜெயிலிலிருந்து கொண்டுவரச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தது. ஆக அந்தக் கேஸ் விசாரணையின்போதும் இவன் காவலில்தான் இருந்தான், நாளைக் கழித்தால் ஆள் இன்றைக்கே வெளியே வர வேண்டும். இது ஜட்ஜ் முன்னால் போனால் அரைமணி நேரச் சமாச்சாரம்.

ஜட்ஜ் முன்னால் போவதற்கு முன் ஃபைலிங் இருக்கிறது. இனி என் ராஜ்யம்.

முதல் அப்ஜெக்ஷன், வக்காலத்தில் கைதியின் கையெழுத்துக்குக் கீழே ஜெயில் முத்திரை தெளிவாக இல்லை. மறுபடி ஜெயிலுக்குப் போய்க் கேட்டில் கொடுத்தேன், அது உள்ளே போய்க் கையெழுத்தாகி வெளியே வருவதற்குள் ஒரு பண்டிகை லீவு வந்துபோனது. கொண்டுபோய்க் கொடுத்தால், பழைய சட்டத்தின் செக்ஷன் எழுதியிருக்கிறீர்கள், இப்போது புதுச் சட்டம், புது நம்பர் போடுங்கள் என்றார்கள். தண்டனை பழைய சட்டத்தில் விழுந்தது என்றேன். "வோ ஜட்ஜ் சாஹேப் கோ போல்னா, முஜே நஹி," என்றான் கவுண்டரில் இருந்தவன். அதை ஜட்ஜிடம் சொல், என்னிடம் சொல்லாதே என்கிறான். ஜட்ஜிடம் சொல்ல வேண்டுமானால் முதலில் இவன் மனுவுக்கு நம்பர் கொடுக்க வேண்டும். மேடம் இரண்டு செக்ஷனையும் எழுதிக் கொடுத்தார்.

பிறகு ஜெயில் கடிதம் மராத்தியில் இருக்கிறது, ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டவர், மொழிபெயர்த்த பெண், ஜட்ஜ், அரசு வக்கீல், நான், எல்லாருமே மராத்தி படிக்கத் தெரிந்தவர்கள். இருந்தாலும் மொழிபெயர்த்தோம். ஆன்லைனில் ஏற்றியதும் காகிதத்தில் கொடுத்ததும் ஒத்துப்போகவில்லை என்று இன்னொரு தடவை திருப்பினார்கள்.

எல்லாம் சரி செய்து நம்பர் ஆகப்போகிற நேரத்தில் ஜெயிலில் இடமில்லை என்று தண்டனைக் கைதிகளைத் தூரத்து ஜெயிலுக்கு மாற்றினார்கள். செல்வினும் போனான். அப்ஜெக்ஷன் வந்தது. மனுவில் ஒரு ஜெயில் பெயர் இருக்கிறது, கைதி வேறு ஜெயிலில் இருக்கிறார், மனுவைத் திருத்தி, புது ஜெயில் முத்திரையோடு புது வக்காலத்து கொண்டுவரவும்.

அன்றைக்கு நான் கவுண்டரில் கத்திவிட்டேன். "ஆளை மாத்துனது நானா? அவன் டிக்கெட் எடுத்துப் போனானா? நீங்க பேப்பரைத் திருப்பித் திருப்பி அனுப்புறதுக்குள்ள அவன் தண்டனையே முடிஞ்சிரும்யா!" தமிழிலேயே கத்தினேன். சுற்றி இருந்த கிளார்க்குகள் என்னை இழுத்துக்கொண்டுபோய் டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவன் சிரித்தான். அவனுடைய ஃபைல் என்னுடையதற்கு முன்பிருந்தே அங்கே கிடக்கிறதாம்.

தூரத்து ஜெயிலுக்கு ஜெபாவும் என்னோடு வந்தாள். ராத்திரி பஸ், காலையில் முலாகாத். செல்வினின் முடி நரைத்திருந்தது. "கணக்கு எப்பம் ஒத்துவரும் பாய்?" என்று கேட்டான். "வந்துரும்ல," என்றேன். திரும்பும் வழியில் ஜெபா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள், "அவரு நாளைத்தான் எல்லாரும் எண்றீங்க. என் நாளை எந்தக் கவுண்டர்ல குடுக்கணும் பாய்?" பஸ்ஸில் அவளுக்குத் தெரியாமல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கடைசியில் மனு ஜட்ஜ் முன்னால் வந்தது. மேடம் சொல்லச் சொல்ல ஜட்ஜ் தலையாட்டினார். அரசு வக்கீலைப் பார்த்து, ஜெயிலுக்குள் இருந்தவனை வெளியே இருந்தான் என்கிறீர்களே, எப்படி என்று கேட்டார். எனக்கு அப்படியே மேலே எழும்பின மாதிரி இருந்தது. பின்வரிசையில் ஜெபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அரசு வக்கீல் எழுந்து, பதில் போட இரண்டு வாரம் வேண்டும் என்றார். கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் பதில் வரவில்லை, மறுபடி டைம். பிறகு லீவு. லீவு முடிந்து வந்தால் அந்த ஜட்ஜுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள், மனு புது பெஞ்சுக்குப் போய் வரிசையில் கடைசியில் நின்றது.

அதற்குள் செல்வினின் தண்டனை முடிந்துவிட்டது. நன்னடத்தைக்காகக் குறைக்கிற ரெமிஷன் நாள் போக மீதியை முழுதாகக் கழித்துவிட்டு, கையில் ஒரு பையோடு பஸ் ஏறித் தானே தாராவிக்கு வந்துவிட்டான்.

மனு அதன் பிறகுதான் கூப்பிடப்பட்டது. புது ஜட்ஜ் நல்ல மாதிரியாகவே பேசினார். "ஆள் வெளியே வந்தாயிற்று. இனி இதில் என்ன இருக்கிறது?" இன்ஃப்ரக்சுவஸ் என்று எழுதி முடித்துவிட்டார். பயனற்றுப் போனது என்று அர்த்தம். மேடம் வெளியே வந்து கவுனைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், வழக்கமாகத் தானே வைத்துக்கொள்வார்.

"கணக்கு சரின்னு சொன்னாங்களா, தப்புன்னு சொன்னாங்களா?" என்று ஜெபா கேட்டாள்.

"ரெண்டும் சொல்லலம்மா," என்றார் மேடம்.

6. சாட்சி

செல்வின் வந்ததற்காக வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். சந்து முழுக்க நாற்காலி. பாட்டு, ஜெபம் எல்லாம் முடிந்ததும் ஞானராஜ் அண்ணாச்சி எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் சாட்சி சொன்னார்.

"எத்தனையோ பேரு எங்கிட்ட வந்தாங்க. ஜாமீனை விட்டுரும், விட்டுரும்னாங்க." என்னை ஒரு பார்வை பார்த்தார். "கர்த்தர் எனக்கு பெலன் குடுத்தாரு. கடைசி வரைக்கும் நான் எம் பிள்ளை கையை விடல."

எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். செல்வின் எழுந்துபோய் மாமாவைக் கட்டிக்கொண்டு அழுதான். ஜெபா உள்ளே போய்விட்டாள். பிறகு எனக்குத் தட்டில் கேக்கும் மிக்சரும் கொண்டுவந்து வைத்தவள், காதோரம் குனிந்து சொன்னாள், "பாய், ஜாமீனாலதான் நாள் சேரலன்னு இவருகிட்ட சொல்லிராதீங்க. உள்ள இருந்தப்ப மாமா கையை விடலங்கிற இது ஒண்ணத்தான் புடிச்சிட்டு இருந்தாரு." நான் கேக்கைத் தின்றேன். மண்ணைத் தின்ற மாதிரி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அண்ணாச்சி போன் செய்தார். பட்டறைக்கு பேங்க் லோன் எடுக்க வேண்டும், ஜாமீனுக்குக் கொடுத்த ஒரிஜினல் காகிதம் எல்லாம் அடிதடி கேஸ் கோர்ட்டிலேயே கிடக்கிறது, அதை வாங்க என்ன வழி என்று கேட்டார். வாருங்கள் என்றேன்.

கோர்ட் வராந்தாவில் அப்ளிகேஷனை நீட்டினேன். ஆங்கிலத்தில் இருந்தது. "என்னன்னு எழுதிருக்கு?" என்றார். படித்து அர்த்தம் சொன்னேன். ஜாமீன்தாரராகிய நான் என் ஜாமீனிலிருந்து விலகிக்கொள்கிறேன், என்னை விடுவிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டார். உள்ளே கொடுத்தோம். அப்ஜெக்ஷன் இல்லை. முத்திரை தெளிவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஜட்ஜ் பெயரைக் கூப்பிட்டார், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார், அனுமதி என்று எழுதினார். அவர் கூண்டில் ஏறி இறங்கின நேரம்தான்.

வெளியே வந்து காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டே அண்ணாச்சி நின்றுவிட்டார்.

"பாய், அன்னைக்குப் பட்டறைக்கு வந்து கேட்டீரே..."

"ஆமா அண்ணாச்சி."

"இதானா அது?"

"இதேதான்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டார். தண்ணீர் வாங்கிவரவா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு, "இதுலதான் நாள் போச்சுன்னு செல்வினுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது. ஜெயில்காரன் கணக்கைத் தப்பாப் போட்டான்னுதான் நினைச்சிட்டு இருக்கான். ஜெபாவுக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"நீங்க காரோட வந்தீங்களே, அன்னைல இருந்து."

ஸ்தோத்திரக் கூட்டத்தில் ஜெபாவேதான் அவருக்கும் கேக் வைத்திருந்தாள். அதை அவர் நினைத்துக்கொண்டார் போல. கையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அவர் மேல் அத்தனை வருஷமும் இருந்த கோபம் அன்றைக்கும் போகவில்லை. இருந்தாலும் பஸ் ஸ்டாப்வரை கூடவே போனேன்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். ஜாமீன் எடுக்கிற அன்றைக்கே, இதை விடவேண்டிய நாளும் வரலாம், அப்படி விட்டால் அது கையை விடுவதில்லை என்று ஜாமீன்தாரரிடம் சொல்லிவிடுங்கள். அவருடைய வீட்டுக்காரர்கள் நாலு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்களுடைய பாஷையில் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுகிற நேரத்தில் மனிதர்கள் எதைச் சொன்னாலும் கேட்பார்கள். பிறகு சொன்னால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பச் சொல்வார்கள்.

ஜெபா இப்போதும் காட்கோபரில்தான் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஸ்டேஷனில் பார்த்தேன். செல்வின் டெம்போ ஓட்டுகிறான், நல்லா இருக்கான் என்றாள். வேறு எதையும் நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், குழந்தைக்காக டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டார்களாம்.